மறந்துபோன செவ்வாய்க்கிழமை

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர், அத்தனை வருடத்தில் ஒரு லிஃப்டிலும் சின்னக் கீறல்கூடப் படாதவர், கடைசியில் மாடிப்படியில் விழுந்தார். அதுவும் தன் சொந்தக் குடியிருப்பின் மாடிப்படியில். அன்றைக்கு அங்கே லிஃப்ட் ஓடவில்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்தவருக்குத் தன் வீட்டு லிஃப்டைப் பார்க்க மூன்று நாளாக நேரம் கிடைக்கவில்லை. இரண்டாம் மாடியிலிருந்து முதல் மாடிக்கு அவர் வந்து சேர்ந்த வேகத்தில் எந்த லிஃப்டும் இறங்கியதில்லை என்று மச்சினன் பிற்பாடு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

தலையில் ஒன்பது தையல். மறுநாள் மத்தியானம் நன்றாகக் கண் விழித்தபோது டாக்டர் அவரிடம் பெயரைக் கேட்டார், சொன்னார். தொழிலைக் கேட்டார், சொன்னார். இது எந்த வருடம் என்று கேட்டார். அதையும் தயங்காமல் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை கேட்டார். லிஃப்ட்காரர் மறுபடியும் அதே வருடத்தைத்தான் சொன்னார். அது மூன்று வருடத்துக்கு முந்தைய வருடம்.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி உள்ளே வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கடைச் சட்டையோடேயே வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்துவிட்டு, யார் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று கேட்டார்.

அவளுக்கு டாக்டர் வெளியிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்தக் கேள்வி வந்து விழுந்தபோது அவள் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவர் நினைவில் இருந்ததோ குழந்தையில்லாத எட்டு வருடம் மட்டும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் குழந்தை அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கியது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறி, போர்வையை மிதித்து, அவர் நெஞ்சின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டது. அதற்கு எந்தச் சந்தேகமும் இல்லை. லிஃப்ட்காரருக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரண்டு கையையும் தூக்கியபடியே கிடந்தார், போலீஸ்காரனிடம் மாட்டியவர்போல.

“உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்” என்றாள் மனைவி. “ஒண்ணு உங்க மேலயே படுத்திருக்கு. பொட்டலம்னு கூப்பிடுவோம். பொறந்தப்போ நர்ஸ் சுத்திக் கொடுத்ததைப் பாத்துட்டு நீங்க வெச்ச பேருதான்.”

அவர் குழந்தையின் உச்சந்தலையைப் பார்த்தார். இரட்டைச் சுழி. அவருக்கும் இரட்டைச் சுழிதான். கண்ணில் தண்ணீர் தளும்ப, மெதுவாகக் கையை இறக்கி அதன் முதுகில் வைத்தார். பிறகு, அடுத்த விஷயம் என்ன என்று கேட்டார்.

“நீங்க விசுவாசியாயிட்டீங்க. ஞானஸ்நானம் எடுத்துட்டீங்க. ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு முன்னாடி நீங்கதான் சபைக்குக் கிளம்புவீங்க.”

லிஃப்ட்காரர் சிரித்த சிரிப்பில் தையல் இழுத்துக்கொண்டது. குழந்தை பிறந்ததைக்கூட நம்பிவிட்டார், இதை நம்ப முடியவில்லை.

காரணம் இல்லாமலில்லை. கல்யாணப் பேச்சின்போதே அவர் கறாராகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். நீ போ, வா, பாடு, ஜெபம் பண்ணு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். என்னை மட்டும் கூப்பிடாதே. அவளும் வாக்குக் கொடுத்தாள், எட்டு வருடமும் காப்பாற்றினாள். அவர் வேலையிடத்தில் ஒரு பகடி வைத்திருந்தார். கடவுளுக்கும் எங்கள் கம்பெனிக்கும் ஒரு வித்தியாசம்தான், நாங்கள் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்பார். அவள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனதும், அவள் தம்பி, அதாவது மச்சினன், சீட்டுக்கட்டோடு வந்துவிடுவான். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தும் சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் அவன். மாமன் மச்சான் இருவரும் மத்தியானம் வரை சீட்டாடுவார்கள்.

அந்த மச்சினன்தான் லிஃப்ட்காரர் விழுந்ததில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள். ஆஸ்பத்திரிக்கே சீட்டுக்கட்டைக் கொண்டுவந்துவிட்டான். “நீங்க திரும்பி வந்ததே போதும் அத்தான்” என்றான். “மூணு வருஷமா தனியா ஆடி ஆடி, என்கிட்டயே தோத்துக்கிட்டிருக்கேன்.”

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நீங்களும் வாருங்கள் என்று அவள் கூப்பிடவில்லை. பழைய வாக்கு பழையபடியே இருந்தது. மச்சினன் வந்தான். ஆட்டம் போட்டார்கள். ஆனால் லிஃப்ட்காரருக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. அலமாரியில் அவருடைய வேதப்புத்தகம் இருந்தது. முந்தின நாள்தான் அதைப் புரட்டிப் பார்த்திருந்தார். பக்க ஓரங்களில் கிரீஸ் கறை. கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை, ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. அவர் இடது கட்டைவிரலில் பழைய கம்பி கிழித்த தழும்பு அப்படியே அச்சடித்த மாதிரி இருந்தது. திருட்டு நடந்த வீட்டில் தன் கைரேகையையே கண்டுபிடித்த துப்பறிவாளர்போல அவர் திகைத்துப்போயிருந்தார்.

“ஏன் மாப்ள, நான் எதையும் சுலபமா நம்புற ஆளா?” என்று கேட்டார்.

“நீங்களா? மழை வரும்னு ரேடியோவில சொன்னா, குடையை வீட்டுல வெச்சுட்டுப் போற ஆளு நீங்க.”

“அப்புறம் எப்படி?”

மச்சினனுக்கும் தெரியவில்லை. தானும் பல தடவை கேட்டுப் பார்த்ததாகவும், அவர் சிரித்து மழுப்பிவிட்டதாகவும் சொன்னான். லிஃப்ட்காரர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். ஓடாமல் கிடந்த இயந்திரம் திடீரென்று ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கண்டுபிடிக்க முடியாத காரணம் உண்டு, காரணமே இல்லாத ஓட்டம் கிடையாது. இது அவர் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. இந்தக் காரணத்தைத் தேடிப் பிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தார். பிடித்தால், அது சரியான காரணமா, ஏமாந்த காரணமா என்பதும் தெரிந்துவிடும் அல்லவா?

முதலில் வந்து அகப்பட்டவர் போதகர். முப்பது வயதுகூட ஆகாதவர். சபையார் கொடுத்தனுப்பிய ரொட்டியும் சூப்பும் அடங்கிய பையோடு வந்தார். ஊரே ஐயா என்று கூப்பிடுகிற மனிதரை லிஃப்ட்காரர், “வாங்க தம்பி, உட்காருங்க” என்றார். மனைவி சமையலறையில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போதகருக்கோ அது பிடித்துப்போயிற்று. அவரைத் தம்பி என்று யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

லிஃப்ட்காரர் சுற்றி வளைக்காமல் கேட்டார். நான் ஏன் விசுவாசியானேன்?

போதகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது தனக்கும் தெரியாது என்றார். ஞானஸ்நானத்தன்று, எப்படி விசுவாசத்துக்கு வந்தாரென்று சபைமுன் சாட்சி சொல்லச் சொன்னபோது லிஃப்ட்காரர் எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். “‘வழியில நின்னுபோன லிஃப்ட் மேல போச்சு’ன்னீங்க. ஏதோ தொழில் ஜோக்குன்னு நினைச்சு நாங்க எல்லாரும் சிரிச்சோம். நீங்களும் சிரிச்சீங்க.”

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ஜோக் இல்லை என்று அவருக்கு உடனே தெரிந்தது. ஜோக் சொல்ல வேண்டுமென்றால் அதைவிட நல்ல ஜோக்காக அவரிடம் நாற்பது இருந்தன.

அன்று சாயங்காலம், தான் எந்த நாளிலிருந்து மாறினோம் என்று மனைவியிடம் கேட்டார். அவளுக்கு நாள் நன்றாகவே நினைவிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் அவள் முதல் ஸ்கேன் எடுத்தாள். படத்தை அவரிடம் காட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எழுந்து பார்த்தபோது அவர் குளித்துவிட்டு, தன் செருப்பை விட்டுவிட்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நானும் வருகிறேன் என்றார். அவ்வளவுதான்.

“ஏன்னு கேக்கலையா நீ?”

“கேட்டா பயந்து ஓடிடுவீங்களோன்னு கேக்கல” என்றாள் அவள். “வாசல்ல வந்து நிக்குற புறாவை யாராவது விசாரிப்பாங்களா?”

ஸ்கேன் படம் குழந்தையின் ஆல்பத்தில் ஒட்டியிருந்தது. மூலையில் பொடி எழுத்தில் தேதி அச்சாகியிருந்தது. மறுநாள் லிஃப்ட்காரர் தலையில் கட்டோடு கம்பெனிக்குப் போய், ஸ்டோர் கீப்பரைக் கெஞ்சி, அந்த மாதத்து வேலைத்தாள் கட்டைத் தூசி தட்டி எடுக்கவைத்தார். செவ்வாய்க்கிழமைத் தாள் கிடைத்தது. அவருடைய கையெழுத்தேதான். எட்டு மாடி அலுவலகக் கட்டடம். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. பிரேக் சுருள் எரிந்துவிட்டது. உள்ளே ஒருவர். மீட்க ஆன நேரம் ஒரு மணி நாற்பது நிமிடம். எல்லாம் முறையாக இருந்தது. தாளின் ஓரத்தில் மட்டும், யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு வரி: வீட்டில் கேட்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்? அந்த வரியை அவர் பத்துத் தடவை படித்தார். எழுதியவனைப் பிடித்து உலுக்கினால் தேவலை என்றிருந்தது. எழுதியவன் அவர்தான்.

அந்த எட்டு மாடிக் கட்டடத்துக் காவலாளி விவரத்தைக் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நம்ம கம்ப்ளெய்ன்ட் மேடம்தான். ஏழாவது மாடி” என்றார். மாட்டிக்கொண்ட அந்த அம்மாள் ஒரு பெரிய கடையின் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவர். நாள் முழுக்கத் தொலைபேசியில் மற்றவர்களின் புகாரைப் பொறுமையாகக் கேட்டு வாங்குவது அவர் வேலை.

லிஃப்ட்காரர் போனபோது அந்த அம்மாள் காதில் ஹெட்போனோடு கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். திரும்பிப் பார்க்காமலே, உட்காருங்கள், என்ன புகார் என்றார். புகார் ஒன்றும் இல்லை, ஒரு விஷயம் விசாரிக்க வேண்டும் என்று லிஃப்ட்காரர் ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியம் முடிவதற்குள் அந்த அம்மாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“இந்தக் குரல் எனக்குத் தெரியும்” என்றார். “முகம் தெரியாது. நீங்க லிஃப்ட்காரர்.”

லிஃப்ட்காரர் தான் விழுந்த கதையைச் சொன்னார். அந்த நாள் தனக்குச் சுத்தமாக நினைவில்லை, அன்று என்ன நடந்ததென்று தயவுசெய்து சொல்ல வேண்டும் என்றார். அந்த அம்மாள் பக்கத்து மேசைக்காரியிடம் அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஜன்னலோரத்தில் இருந்த தேநீர் இயந்திரத்துப் பக்கம் அவரை அழைத்துப்போனார். இரண்டு காகிதக் கோப்பையில் தேநீர் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னார்.

லிஃப்ட் நின்றபோது விளக்கும் போய்விட்டது. லிஃப்டின் தரை நான்காம் மாடிக் கதவின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது. லிஃப்ட்காரர் வந்து கதவை நெம்பியபோது ஒரு சாண் இடைவெளி கிடைத்தது. அவருக்குத் தெரிந்தது அந்த அம்மாளின் செருப்பு, அந்த அம்மாளுக்குத் தெரிந்தது அவருடைய விரல்கள். கூட வந்த வேலையாள் புதுச் சுருள் எடுத்துவரக் கம்பெனிக்குப் போயிருந்தார். அது வரும் வரை லிஃப்ட்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆகவே பேசிக்கொண்டே இருந்தார். லிஃப்ட் விழாது, கயிறு அறாது, காற்று தீராது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். நாற்பது ஜோக்கில் முப்பதைச் சொன்னார்.

“முப்பத்தொண்ணாவது ஜோக்ல எனக்கு மூச்சு முட்டிடுச்சு” என்றார் அந்த அம்மாள். “ஜெபம் பண்ணலாம்னு பாத்தேன். பயத்துல எதுவும் வரல. கர்த்தர் கற்பிச்ச ஜெபமாவது சொல்லுவோம்னு சத்தமா ஆரம்பிச்சேன். மூணு வயசுல இருந்து சொல்றது. தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். அன்னிக்கு அப்பத்துக்காகக் கேக்குற இடத்தோட நின்னுபோச்சு. அடுத்தது என்னன்னு தெரியல. திரும்பத் திரும்ப அப்பத்தையே கேட்டுட்டிருக்கேன், அழறேன். அப்ப வெளியில இருந்து நீங்க அடுத்த வரியைச் சொன்னீங்க.”

“நானா?”

“நீங்கதான். மன்னிப்புக் கேக்குற வரி. அதுக்கடுத்ததும் சொன்னீங்க. கடைசி ஆமென் வரைக்கும் ஒரு வார்த்தை தப்பாம சொன்னீங்க. நான் உங்க பின்னாடியே சொல்லிட்டு வந்தேன். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் உங்ககிட்ட இருந்து சத்தமே இல்ல. போயிட்டீங்களோன்னு நினைச்சேன். அப்புறம், ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’னு நீங்க கேட்டீங்க. என்னைக் கேக்கல. உங்களையே கேட்டுக்கிட்டீங்க. நீங்க விசுவாசியான்னு நான் கேட்டேன். இல்லேன்னீங்க. என் வீட்டுக்காரி சமையலறையில தெனமும் சொல்லுவா, நான் கேக்குறதே இல்லைன்னீங்க.”

லிஃப்ட்காரர் தேநீரைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுருள் வந்து, லிஃப்ட் அசைந்து, மேலே ஐந்தாம் மாடிக்குப் போய்க் கதவு திறந்தபோது அவர் அங்கே இல்லையாம். வேலையாள்தான் நின்றிருந்தாராம். தன்னைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார் என்று அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம். “நன்றி சொல்லணும்னு இருந்தேன். உங்க கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டேன், வாழ்க்கையிலேயே நான் எழுதின ஒரே புகார் இல்லாத கடிதம். இப்ப நேர்லயே சொல்லிடறேன். அன்னிக்கு நான் மறந்ததை நீங்க சொன்னீங்க. இன்னிக்கு நீங்க மறந்ததை நான் சொல்லிட்டேன். சரியாப்போச்சு.” சொல்லிவிட்டு அந்த அம்மாள் பெரிதாகச் சிரித்தார். புகார்ப் பிரிவில் அப்படியொரு சிரிப்பைக் கேட்டுப் பழக்கமில்லாததால் இரண்டு மூன்று பேர் எழுந்து பார்த்தார்கள்.

லிஃப்ட்காரர் வீட்டுக்கு நடந்தே வந்தார். மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை கீழே இரண்டு மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் நிலைப்படியில் சாய்ந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னார். கடைசியாக வேலைத்தாளை எடுத்துக் காட்டி, அன்றைக்கு உன்னிடம் ஏதோ கேட்க வேண்டுமென்று எழுதியிருக்கிறேன், கேட்டேனா என்றார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது, வெங்காயத்தின்மேல் பழி போட முடியாத அளவுக்கு வந்தது.

“என்கிட்ட எதுவும் கேக்கல நீங்க. இப்ப நிக்கிறீங்க பாருங்க, இதே இடத்துல வந்து நின்னீங்க. நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன். எப்பவும் அந்நேரத்துல டிவி போடுவீங்க. அன்னிக்குப் போடல. நான் முடிக்கிற வரைக்கும் சும்மா நின்னுட்டிருந்தீங்க. ஸ்கேன் படத்தைக் காட்டினப்புறமும் அங்கேயேதான் நின்னீங்க.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “கேள்வி கேக்குறது இல்லீங்க இது. காதால கேக்குறது.”

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். வீட்டில் கேட்க வேண்டும். ஆமாம். எட்டு வருடம் காதில் விழுந்துகொண்டே இருந்ததை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறான் அந்த மனிதன். கெட்டிக்காரன்தான் என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. அவன்மேல் கொஞ்சம் பொறாமையும் வந்தது.

ஏனென்றால் காரணம் கிடைத்துவிட்டது, சரியான காரணம்தான். ஆனால் அது அவருடையதாக இல்லை. யாருக்கோ நடந்த நல்ல கதையைக் கேட்ட மாதிரிதான் இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராகப் போதகர் வீட்டுக்குப் போனார். நீங்கள் எல்லாரும் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் எனக்கு ஒன்றும் நினைவில்லை, ஆகவே முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம், எனக்கு இன்னொரு தடவை ஞானஸ்நானம் கொடுங்கள் என்றார்.

போதகர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, “அண்ணே, நீங்க பொறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

“அதெப்படி இருக்கும்?”

“இல்லேன்னு, திரும்பப் பொறந்துட்டா வந்தீங்க? அம்மா சொன்னாங்க, ஒத்துக்கிட்டோம். தண்ணிக்குள்ள உங்களை முக்கினது நான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நீங்க கனம். இடுப்பு ஒரு வாரம் வலிச்சுது. இன்னொரு தடவை என்னால முடியாது.”

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்கொண்டு வாதாடவில்லை. ஈரப்போர்வையின் இன்னொரு முனையைப் பிடித்து உதறிக்கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பினார். மச்சினன் சீட்டுக்கட்டோடு வந்து, நிலைமையைப் பார்த்து, கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களைக் காரில் கொண்டுபோய் விட்டான். நான் உள்ளே வரமாட்டேன், வெளியே செய்தித்தாள் படிக்கிறேன் என்றான்.

சபை ஒரு அச்சகத்தின் மேல்மாடியில் கூடியது. அறுபது நாற்காலி. கீழேயிருந்து மையின் வாசனை வந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் கடைசி வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியும், அவருக்கு ஒருவரையும் தெரியாது. பாட்டுக்கு எழுந்து நின்றபோது வாய் தானாக அசையும் என்று எதிர்பார்த்தார். அசையவில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் பாட வேண்டியிருந்தது, அதிலும் பக்கத்து வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படியான சுருதியில்.

அன்று திருவிருந்து. முன்னால் வெள்ளை விரித்த மேசையில் ஒரு முழு ரொட்டியும் கோப்பையும் இருந்தன. போதகர் ரொட்டியைக் கையில் எடுத்தார். ஆண்டவர் பாடுபடுவதற்கு முன்னால் சீஷர்களோடு உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்ததையும், தம்மை நினைத்து இதைச் செய்துவரச் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். நாமும் இப்போது நினைவுகூருகிறோம் என்றார். அறுபது பேரும் தலைகுனிந்தார்கள்.

லிஃப்ட்காரர் குனியவில்லை. அவர் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

“இவங்கள்ல யாரு அன்னிக்கு அங்க இருந்தாங்க?”

“எங்க?”

“அந்தப் பந்தியில.”

அவள் அவரைப் பார்த்தாள். தலையில் மறுபடி ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். “யாரும் இல்லீங்க” என்றாள்.

“அப்புறம் எப்படி எல்லாரும் நினைவுகூர்றாங்க?”

“இருந்தவங்க சொன்னாங்க. கேட்டவங்க அவங்க பிள்ளைகளுக்குச் சொன்னாங்க. அப்படியே வந்துச்சு.”

அவர் மறுபடியும் அந்தத் தலைகளைப் பார்த்தார். அவருக்குள் ஏதோ சுருள் மாற்றியது போலச் சின்னதாக ஒரு அசைவு. பார்க்காததை நினைவில் வைத்திருக்கிற அறுபது பேர். ஒருத்தர்கூட நேரில் கண்டவர் இல்லை. எல்லாருக்கும் யாரோ சொல்லித்தான் தெரியும், சொன்னதை வாங்கித் தங்களுடையதாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் தான் மட்டும் என்ன குறைந்துபோய்விட்டோம்? தன் செவ்வாய்க்கிழமையையும் ஒரு அம்மாள் சொல்லிவிட்டார். தன் ஞானஸ்நானத்தை இடுப்புவலியோடு ஒருவர் வைத்திருக்கிறார். தன் சமையலறை நிலைப்படியை மனைவி வைத்திருக்கிறாள். இத்தனை பேர் பத்திரமாக வைத்திருப்பதைத் தான் ஒருவன் தலைக்குள் வைத்திருக்கவில்லை என்று அழுவது என்ன நியாயம்?

தட்டு வந்தது. பக்கத்து வரிசைக்காரர் அவரிடம் நீட்டலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கினார்.

“எனக்கும் ஒரு துண்டு கொடுங்க” என்றார் லிஃப்ட்காரர். “நானும் அங்க இல்லாதவன்தான்.”

ரொட்டி கொஞ்சம் காய்ந்திருந்தது. அவர் மெதுவாக மென்றார். மின்னலோ இடியோ இல்லை. தொலைந்த மூன்று வருடத்தில் ஒரு நிமிடம்கூடத் திரும்பி வரவில்லை. ஆனால் நெஞ்சு நிறையச் சந்தோஷம் வந்தது. எங்கிருந்து வருகிறதென்று தேடத் தோன்றாத சந்தோஷம். மனைவி தலைகுனிந்தபடியே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு யோசனை சொன்னார். அண்ணனுக்கு நம்மைத் தெரியாது, ஆகவே ஒவ்வொருவரும் வந்து தான் யாரென்றும், அண்ணனைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தையும் சொல்லட்டும் என்றார். நாற்காலிகளை ஓரமாக மடித்துவைத்துவிட்டு வரிசை நின்றார்கள். பல் டாக்டர் ஒருவர், தன் அப்பா இறந்தபோது லிஃப்ட்காரர் மூன்று நாள் வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். தபால்காரர் ஒருவர், தன் மிதிவண்டியைக் கடன் வாங்கி, திருப்பித் தராமல் இருப்பதைச் சொன்னார். ஒரு அம்மாள், அவர் வந்து சரிசெய்துவிட்டுப் போனதிலிருந்து தன் துணி துவைக்கும் இயந்திரம் ஓடவே இல்லை என்றார். பாட்டுக்குழுத் தலைவர், கடைசி மூன்று வருடமாக அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவைத்ததன் காரணத்தை இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தபோது கூட்டமே சிரித்தது.

செய்தித்தாளை நான்கு தடவை படித்து முடித்த மச்சினன், இவ்வளவு சிரிப்பு எதற்கென்று பார்க்க மாடியேறி வந்தான். கதவருகே ஒருவர் அவனை வரிசையில் நிற்க வந்தவனென்று நினைத்து முன்னால் நகர இடம்விட்டார். அவனும் நகர்ந்து நகர்ந்து வந்தான். தன் முறை வந்தபோது அத்தானின் எதிரே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் அவருடைய மச்சினன் என்றும், ஆடிய எட்டு வருடமும் தான் சீட்டில் ஏமாற்றிக்கொண்டிருந்ததாகவும் எல்லார் முன்னிலையிலும் சொன்னான்.

லிஃப்ட்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார். வரிசையில் இன்னும் இருபத்தாறு பேர் இருந்தார்கள். மணி ஒன்றரை ஆகியிருந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போவதாக இல்லை.